நூற்றைம்பது பெரிதா, அறுபது பெரிதா?

சென்ற வாரம் நம் இல்லத்தில் ஒரு சிறு வழக்கு நடந்தது. வாதி, நமது தமக்கையின் சம்பந்தியம்மாள். பிரதிவாதி, நமது தமக்கையார். வழக்குக்குக் காரணமான சொத்து, சட்டைப் பொத்தான் அளவுள்ள இரண்டு மாத்திரைகள். நீதிபதி ஸ்தானத்தில் நம்மைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

தமக்கையின் மகள் தலைப்பிரசவத்துக்காகத் தாய் வீடு வந்திருக்கிறாள். அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளுக்கு இரும்புச் சத்து மாத்திரைகளை இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். அவற்றின் உறையில் "தனி இரும்பு 60 மில்லிகிராம்" என்று கண்டிருந்தது. சம்பந்தியம்மாளோ, மருமகள்மீதுள்ள வாஞ்சையினால், மருந்துக் கடையில் வேறொரு மாத்திரையை விலை கொடுத்து வாங்கி வந்திருந்தார். அதன் அட்டையில் "பெரஸ் பியூமரேட் 150 மில்லிகிராம்" என்று அச்சிட்டிருந்தது.

"சம்பந்தி, நீங்களே சொல்லுங்கள். நூற்றைம்பது பெரிதா, அறுபது பெரிதா? சும்மா கிடைப்பதில் குறைத்துத்தான் வைத்திருப்பார்கள்" என்றார் அந்த அம்மாள்.

"ஆஸ்பத்திரியில் கொடுத்ததை நிறுத்தலாமா என்றுதான் யோசனையாக இருக்கிறது, சம்பந்தி" என்றார் தமக்கையார்.

"மாமா, நீங்கள்தான் தீர்த்து வைக்கவேண்டும். பத்து நாளாக எதை விழுங்குவது என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிட்டேன்" என்றாள் பெண்.

வேடிக்கையாகத் தொடங்கிய வழக்கு இங்கேதான் விபரீதமாகிவிட்டது. 2019-21-ம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, நம் நாட்டில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு மேல் இரத்தச் சோகை உள்ளவர்கள். அப்படியிருக்க, இரண்டு எண்களைச் சரியாக ஒப்பிடத் தெரியாத காரணத்தால் ஒரு கர்ப்பிணி பத்து நாள் மருந்தில்லாமல் இருந்தாள் என்றால், அந்தக் கணக்கை நாம் எல்லோரும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். நாம் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. காகிதமும் பென்சிலும் கொண்டுவரச் சொன்னோம்.

முதலில் கவனிக்க வேண்டியது, இந்த இரண்டு எண்களும் ஒரே பொருளை அளப்பவை அல்ல என்பதுதான். மட்டையும் ஓடும் உள்பட ஒரு தேங்காயின் எடையையும், உடைத்து உலர்த்திய கொப்பரையின் எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எது பெரிது?" என்று யாராவது கேட்பார்களா? 60 என்பது இரும்பின் எடை மாத்திரம். 150 என்பது இரும்பு வேறு சில பொருள்களோடு சேர்ந்து உண்டான ஒரு கூட்டுப்பொருளின் முழு எடை. அந்தக் கூட்டுப்பொருளில் இரும்பு எத்தனை பங்கு என்று தெரிந்தாலொழிய ஒப்பிட வழியில்லை.

அந்தப் பங்கை எப்படி அறிவது? நகைக் கடைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 22 காரட் தங்கம் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம். மீதி செம்பு முதலியவை. நூற்றுக்கு 91.6 என்று நம் பெண்மணிகள் காகிதமில்லாமலே சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரு பேதம் உண்டு. பத்தர் விரும்பினால் செம்பைக் கூட்டலாம், குறைக்கலாம், அது கலவை. பெரஸ் பியூமரேட் போன்ற கூட்டுப்பொருள்களில் இயற்கை என்ற பத்தர் எந்நாளும் கையளவை மாற்றுவதில்லை.

இந்த உண்மை சுலபமாக நிலைநாட்டப்படவில்லை. பிரெஞ்சு தேசத்தில் பிறந்து ஸ்பெயினில் இரசாயன ஆசிரியராக இருந்தவர் ஜோசப் லூயி பிரௌஸ்ட். அவர் செம்பை அமிலத்தில் கரைத்து, அந்தத் திராவகத்தில் சோடா உப்பைச் சேர்த்துப் பார்த்தார். பச்சை நிறமான வண்டல் படிந்தது. எத்தனை முறை செய்தாலும் 100 பங்கு செம்புக்கு 180 பங்கு பச்சை வண்டலே கிடைத்தது. பூமியிலிருந்து வெட்டியெடுத்த பச்சைக் கல்லைக் கூறுபடுத்தியபோதும் அதே விகிதத்தைக் கண்டார். மலையின் வயிற்றில் உண்டானாலும் மனிதன் கையால் உண்டானாலும் கூட்டுப்பொருளின் விகிதம் மாறாது என்று 1799-ல் வெளியிட்டார்.

அக்காலத்தில் பெரும் புகழ் பெற்றிருந்த பெர்த்தொலே என்பவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. சந்தர்ப்பத்துக்கு ஏற்ப விகிதமும் மாறும் என்பது அவர் கட்சி. உலோகக் கலவைகளையும் கண்ணாடியையும் அவர் சாட்சிக்கு அழைத்தார். அவையெல்லாம் பத்தர் செய்யும் கலவையைச் சேர்ந்தவையே தவிரக் கூட்டுப்பொருள்கள் அல்ல என்று பிரௌஸ்ட் பதில் சொன்னார். வாதம் பல ஆண்டுகள் நடந்தது. இருவரும் மரியாதை தவறாமலே வாதாடினார்கள் என்பது நம் காலத்து வாதிகள் கவனிக்கத் தக்கது. முடிவில் வெற்றி பிரௌஸ்ட் பக்கம். ஆயினும் பெர்த்தொலேயும் முழுத் தோல்வி அடையவில்லை. இரும்பின் ஓர் ஆக்ஸைடு போன்ற சில திடப்பொருள்களில் விகிதம் சற்றே ஏறி இறங்குவதைப் பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். அப்படிப்பட்டவற்றுக்கு "பெர்த்தலைடு" என்றே பெயர் வைத்து அவரைக் கௌரவித்திருக்கிறார்கள்.

விகிதம் ஏன் மாறுவதில்லை? அதற்குக் காரணம் காட்டியவர் இங்கிலாந்து தேசத்து ஜான் டால்டன். ஒவ்வொரு மூலகமும் அதற்கே உரிய எடையுள்ள அணுக்களால் ஆனது என்றும், கூட்டுப்பொருளில் அவை குறிப்பிட்ட எண்ணிக்கையில் கைகோத்து நிற்கின்றன என்றும் 1808-ல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். எண்ணிக்கையும் நிலையானது, ஒவ்வொன்றின் எடையும் நிலையானது என்றால், மொத்த எடையில் ஒவ்வொன்றின் பங்கும் நிலையாகத்தானே இருக்கவேண்டும்?

ஆகவே நமக்கு வேண்டியவை இரண்டே. அணுக்களின் எடை ஒன்று; எண்ணிக்கை மற்றொன்று. எடைகளை நேயர்கள் ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளலாம். ஹைட்ரஜன் 1, கரி 12, நைட்ரஜன் 14, பிராணவாயுவாகிய ஆக்ஸிஜன் 16, சோடியம் 23, பாஸ்பரஸ் 31, கந்தகம் 32, குளோரின் 35.5, சுண்ணாம்பின் மூலகமாகிய கால்சியம் 40, இரும்பு 56. இவை ஒன்றுக்கொன்று ஒப்பிட்ட எடைகள். வீட்டுக் கணக்குக்குப் போதுமான எண்கள்.

முதலில் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். அதில் ஹைட்ரஜன் அணு 2, ஆக்ஸிஜன் அணு 1. ஹைட்ரஜனின் எடை இரண்டு தரம் 1, ஆக 2. ஆக்ஸிஜனின் எடை 16. மொத்தம் 18. எண்ணிக்கையில் ஹைட்ரஜன் இரு மடங்கு. எடையிலோ ஆக்ஸிஜன் எட்டு மடங்கு! 9 கிலோ தண்ணீர் உள்ள குடத்தில் 1 கிலோ ஹைட்ரஜன், 8 கிலோ ஆக்ஸிஜன். எண்ணிக்கை விகிதம் வேறு, எடை விகிதம் வேறு என்பதை இங்கே நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். டால்டனே இதில் தடுக்கி விழுந்தார். தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனும் ஓர் ஆக்ஸிஜனுமே உண்டு என்று அவர் நினைத்ததால், ஆக்ஸிஜன் அணுவின் எடையைக் குறைவாகக் கணித்தார். இந்தக் குழப்பம் அரை நூற்றாண்டு நீடித்தது. 1860-ல் ஜெர்மனியிலுள்ள கார்ல்ஸ்ரூஹ் நகரில் இரசாயன சாஸ்திரிகள் கூடிய மாநாட்டில், இத்தாலியரான கன்னிஸாரோ வழி காட்டிய பிறகே அது தெளிந்தது.

நிற்க. முறை இவ்வளவுதான்: ஒவ்வொரு மூலகத்தின் எண்ணிக்கையையும் அதன் எடையால் பெருக்கவேண்டும், எல்லாவற்றையும் கூட்டவேண்டும், நமக்கு வேண்டிய மூலகத்தின் எடையை அந்தக் கூட்டுத்தொகையால் வகுக்கவேண்டும். நான்காம் வகுப்புக் கணக்கு.

இப்போது கடை மாத்திரைக்கு வருவோம். பெரஸ் பியூமரேட்டில் இரும்பு 1, கரி 4, ஹைட்ரஜன் 2, ஆக்ஸிஜன் 4. எடைகள் முறையே 56, 48, 2, 64. மொத்தம் 170. 56-ஐ 170-ஆல் வகுத்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 33 பங்கு. 150 மில்லிகிராமில் இரும்பு 49 மில்லிகிராம்தான்! நூற்றைம்பது என்று மார்தட்டிய மாத்திரை, அறுபதுக்குப் பதினொன்று குறைந்து நிற்கிறது.

"அப்படியானால் மீதி நூறு மில்லிகிராமும் ஏமாற்றா?" என்று சம்பந்தியம்மாள் கேட்டார். ஏமாற்று அன்று. இரும்பைத் தாங்கி வருகிற வாகனம் அது. ஆணியைக் கடித்துத் தின்ன முடியாது. உடல் ஏற்றுக்கொள்ளும் வடிவில்தான் இரும்பைக் கொடுக்கவேண்டும். கடைக்காரர் அட்டையில் பொய் ஒன்றும் எழுதவில்லை. வாகனத்தோடு சேர்த்து நிறுத்த எடையை எழுதியிருக்கிறார். அதை இரும்பின் எடையென்று படித்தது நமது பிழை.

"சர்க்கார் மாத்திரையில் மாத்திரம் வாகனம் இல்லையா?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதிலும் உண்டு. பெரும்பாலும் பெரஸ் சல்பேட் என்ற உப்பு. இது நமக்குப் பழைய சிநேகிதம். நாட்டு மருந்துக் கடையில் பச்சை நிறக் கட்டிகளாக விற்கும் அன்னபேதியே அது. இரும்பு 56, கந்தகம் 32, ஆக்ஸிஜன் நான்குக்கு 64. இவற்றோடு, படிகத்துக்குள் குடியிருக்கும் தண்ணீர் ஏழு பங்குக்கு 126. மொத்தம் 278. இதில் இரும்பு நூற்றுக்கு 20 பங்கே. தண்ணீர் மாத்திரம் 45 பங்கு! இந்தப் படிகத்தில் 300 மில்லிகிராம் எடுத்தால்தான் இரும்பு 60 மில்லிகிராம் சேரும். அதையே சூடாக்கி உலர்த்தி ஏழு பங்கு தண்ணீரில் ஆறைப் போக்கிவிட்டால், மொத்த எடை 170 ஆகிறது. இரும்பின் பங்கு நூற்றுக்கு 33 ஆக உயர்கிறது. அப்போது 182 மில்லிகிராமே போதும். பெயரும் ஒன்று, இரும்பும் ஒன்று. ஈரமும் உலர்ச்சியும் எடையை மாற்றிவிடுகின்றன. இதனால்தான், வாகனத்தின் எடையை விட்டுத் தனி இரும்பின் எடையைக் குறிப்பது உத்தமம். 2018-ல் தொடங்கிய இரத்தச் சோகை ஒழிப்புத் திட்டத்திலும் கர்ப்பிணிக்கு நாளொன்றுக்குத் தனி இரும்பு 60 மில்லிகிராம் என்றே வகுத்திருக்கிறார்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் அன்னபேதியை வாங்கி வீட்டிலே மாத்திரை உருட்ட முற்பட வேண்டாம்!)

கால்சியம் மாத்திரையிலும் இதே கதை உண்டு. கால்சியம் கார்பனேட் என்பது நமது சுண்ணாம்புக் கல்லின் சரக்குத்தான்: கால்சியம் 40, கரி 12, ஆக்ஸிஜன் மூன்றுக்கு 48, கூட்டினால் சரியாக 100. ஆகவே கால்சியம் நூற்றுக்கு 40. அட்டையில் 1,250 மில்லிகிராம் கார்பனேட் என்று இருந்தால் கால்சியம் 500 மில்லிகிராம். காளவாயில் சுண்ணாம்புக் கல் சுடுகிறவர் 100 கிலோ கல்லைப் போட்டு 56 கிலோ சுண்ணாம்புதான் எடுக்கிறார். 44 கிலோ கரியமில வாயுவாக வானத்தில் போய்விடுகிறது. கூலியாள் யாரும் திருடிவிடவில்லை!

நம் நாட்டின் இரசாயன ஆராய்ச்சியில் ஒரு பெருமைக்குரிய சம்பவமும் இந்தக் கணக்கைச் சார்ந்ததே. 1896-ல் கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் ஆசிரியராயிருந்த பிரபுல்ல சந்திர ராய், பாதரசத்தின்மீது நீர்த்த நைட்ரிக் அமிலத்தை ஊற்றி வைத்திருந்தபோது மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றக் கண்டார். அவர் தயாரிக்க விரும்பியது நைட்ரேட் என்ற உப்பு. தோன்றியதோ நைட்ரைட் என்ற புதிய உப்பு. இரண்டுக்கும் பேதம் ஓர் ஆக்ஸிஜன் அணுவே. கண்ணால் அணுவை எண்ண முடியாது, தராசு எண்ணிவிடும். பாதரசத்தின் எடை 201. ஒரு நைட்ரஜனும் இரண்டு ஆக்ஸிஜனும் சேர்ந்தால் மொத்தம் 247. பாதரசம் நூற்றுக்கு 81 பங்கு. மூன்று ஆக்ஸிஜன் சேர்ந்தால் மொத்தம் 263. பாதரசம் 76 பங்கு. பொருளைக் கூறுபடுத்தி எடை கண்டவனுக்கு இந்த ஐந்து பங்கு வித்தியாசம் உண்மையைச் சொல்லிவிடும். அயல் நாட்டார் "இந்தியருக்கு விஞ்ஞானம் வருமா?" என்று ஐயுற்ற காலத்தில், அந்த மெர்க்குரஸ் நைட்ரைட் நமக்காகச் சாட்சி சொல்லிற்று. சாட்சிக்குச் சாட்சியாக நின்றது ஒரு தராசும் ஒரு வகுத்தல் கணக்குமே.

வீட்டிலிருந்து வயலுக்குப் போவோம். உழவர் யூரியா வாங்குகிறார். அதில் நைட்ரஜன் இரண்டுக்கு 28, கரி 12, ஆக்ஸிஜன் 16, ஹைட்ரஜன் 4, மொத்தம் 60. நைட்ரஜனின் பங்கு நூற்றுக்கு 46 சொச்சம். 45 கிலோ மூட்டையில் சுமார் 21 கிலோ. அம்மோனியம் சல்பேட்டில் மொத்தம் 132. நைட்ரஜன் அதே 28. பங்கு நூற்றுக்கு 21. அதே எடையுள்ள மூட்டையில் 9 கிலோவுக்குச் சற்று மேல். 1951-ல் சிந்திரித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபோது செய்த உரம் இதுதான். இதில் பயிருக்கு உதவும் கந்தகமும் இருப்பதால் இகழத் தக்கதன்று. ஆனால் மூட்டை விலையை மூட்டை விலையோடு ஒப்பிடுகிறவர், மட்டைத் தேங்காயையும் கொப்பரையையும் ஒப்பிட்டவரே ஆவார். நைட்ரஜன் கிலோ ஒன்றுக்கு என்ன விலை என்று கேட்கவேண்டும்.

டி.ஏ.பி. மூட்டையில் 18-46 என்று எண்கள் இருக்கும். 46 என்பது பாஸ்பரஸ் என்று எண்ணிவிடக் கூடாது. பாஸ்பரஸ் இரண்டும் ஆக்ஸிஜன் ஐந்தும் சேர்ந்த ஆக்ஸைடாகக் கணக்கிட்டு எழுதும் பழைய வழக்கம் அது. 62-ம் 80-ம் கூடி 142. பாஸ்பரஸ் பங்கு நூற்றுக்கு 44-க்குச் சற்றுக் குறைவு. ஆகவே நூறு கிலோ உரத்தில் தனிப் பாஸ்பரஸ் 20 கிலோதான்.

இனித் தீர்ப்புக்கு வருவோம். கடை மாத்திரை கெட்டது என்று நாம் சொல்லவில்லை. 49 மில்லிகிராம் இரும்பும் இரும்புதான். பெரிய எண் என்பதால் அது வீரியம் மிக்கது அன்று. இலவசம் என்பதால் மற்றது தாழ்ந்ததும் அன்று. இரண்டில் எது, எத்தனை என்பதை வைத்தியர் சொல்லவேண்டும். இரண்டையும் சேர்த்து விழுங்குவதும், இரண்டையும் விட்டுவிடுவதும் தவறு. மறுநாள் பெண் சுகாதார நிலையத்துக்குப் போனாள். அங்குள்ள டாக்டரம்மாள் இரண்டு அட்டைகளையும் பார்த்து, அறுபதையே தொடரச் சொன்னார். மற்றொன்றையும் வற்புறுத்தினாராம்: மிட்டாய் என்று நினைத்துக் குழந்தைகள் இந்த மாத்திரைகளை எடுத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, எட்டாத இடத்தில் பூட்டி வைக்கவேண்டும்.

வழக்குத் தோற்ற சம்பந்தியம்மாளுக்கு வருத்தம் இருக்குமோ என்று அஞ்சினோம். அன்று மாலை அவர் சமையலறையிலிருந்து ஓர் ஊறுகாய்ப் புட்டியை எடுத்து வந்தார். அவருக்கு இரத்த அழுத்தம் உண்டு. உப்பைக் குறைக்கும்படி வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

"தம்பி, இதில் உப்பு என்றே எழுதவில்லை. சோடியம் என்று எழுதியிருக்கிறது. இதற்கும் கணக்கு உண்டா?" என்று கேட்டார்.

உண்டு. உப்பில் சோடியம் 23, குளோரின் 35.5, மொத்தம் 58.5. சோடியம் நூற்றுக்கு 39 பங்கு. ஆகவே சோடியம் எவ்வளவோ, அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. நாளொன்றுக்கு 2 கிராம் சோடியத்துக்குக் குறைவாக, அதாவது 5 கிராம் உப்புக்குள், நிறுத்திக்கொள்ளும்படி உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. புட்டியில் ஒரு பரிமாறலுக்குச் சோடியம் 800 மில்லிகிராம் என்று இருந்தது. பென்சிலை அந்த அம்மாளிடமே கொடுத்தோம்.

சற்று நேரம் உதடு அசைந்தது. "இரண்டு கிராம் உப்பு. அஞ்சில் இரண்டு இந்தத் தொட்டுக்கொள்வதிலேயே போய்விடுகிறதே!" என்றார்.

புட்டி மறுபடியும் அலமாரிக்குப் போயிற்று. அந்த இரவு அவருடைய மோர் சாதத்துக்குத் துணையாக இலையில் விழுந்தது ஒரு வாழைப்பூத் துவட்டல்தான்.